புளி குறைக்கவும்

பதினோராவது நாள்
அடிவயிற்றில் மறுபடி அந்த முறுக்கு.
எல்.கே.ஜி.க்கு 'எஃப்' எழுதிக் காட்டும்போது
மார்க்கரோடு வெள்ளைப் பலகையில் சாய்ந்துவிட்டேன்.
"மிஸ், பாத்ரூம் போகணுமா?" என்றது ஒன்று.
ஆமாம். அன்றைக்கு ஐந்தாவது முறை.

சால்மியா கிளினிக்கில் டாக்டர் ஹனான்,
அலெக்சாந்திரியாக்காரி,
என்ன செய்கிறது என்று கேட்டார்.
என் பள்ளிக்கூட ஆங்கிலம்
கழுத்துக்கு மேலேதான் வேலை செய்யும்.
கோட்டயத்து நர்ஸ் ஷைனியிடம் தமிழிலேயே சொன்னேன்:
"வயித்துல புளியைக் கரைக்குது."
ஷைனி கொஞ்சம் யோசித்தாள்,
நம்பிக்கையோடு மொழிபெயர்த்தாள்.
டாக்டர் தலையாட்டி எழுதினார்:
புளி குறைக்கவும்.

தொள்ளாயிரம் தினார்.
எங்கள் மாடியில் ஆறு குடும்பம் போட்ட சீட்டு,
கடைசி மாதம்வரை காத்திருந்து நான் எடுத்தது.
அதை ஸ்தனிஸ்லாஸ்
தம்பி வள்ளத்துக்கு எஞ்சின் வாங்க
ஒரு வியாழக்கிழமை மதியம் அனுப்பிவிட்டு வந்து
என் எதிரே உட்கார்ந்து
இரண்டாம் தரம் மீன்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.
மூன்று வாரம் கழித்து
அந்த எஞ்சினை ஓரகத்தியின் ஸ்டேட்டஸில் பார்த்தேன்.
மாலை போட்டு, சந்தனத்தில் குருசு வரைந்து.

அன்றிலிருந்து
அவன் "என்ன?" என்றால் நான் "ஒண்ணுமில்ல."
நான் "என்ன?" என்றால் அவன்.
உப்பு டப்பாவைப் போல அந்தச் சொல்லை
மேஜையில் ஆளுக்கு ஆள் தள்ளிக்கொண்டோம்.

விழுங்கினது எங்கே போகும்?
சொல்லாத சொல்லுக்கு முள்ளும் இல்லை, கொட்டையும் இல்லை,
ஆனாலும் செரிக்காது.
வயிறு பாவம்,
இறங்கி வந்ததெல்லாம் சோறு என்று நம்பி
ராத்திரி இரண்டு மணிக்கு
அமிலம் ஊற்றி ஊற்றி அரைத்துப் பார்க்கிறது.

கேமரா விட்டுப் பார்த்தார்கள்.
மயக்கம் தெளிந்ததும் படம் காட்டினார் டாக்டர்.
ஈரமாய், இளஞ்சிவப்பாய்,
வெகுநேரம் தண்ணீரில் விளையாடிய பிள்ளையின்
உள்ளங்கை மாதிரி ஒரு குற்றமும் அறியாமல்.
புண் இல்லை, கட்டி இல்லை, கிருமி இல்லை.
ஷைனி என் கையைத் தட்டிக்கொடுத்தாள்:
"ஒண்ணுமில்ல சேச்சி."
அழுதேன்.
மயக்க மருந்து என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஊசி போட்டவளைத் தனியே அனுப்ப மாட்டார்களாம்.
அதனால்தான் ஸ்தனிஸ்லாஸ் வந்திருந்தான்,
ஷிஃப்டை மாற்றிக்கொண்டு.
காரில் டிஷ்யூ தேடி டாஷ்போர்டைத் திறந்தேன்.
இன்ஷூரன்ஸ் காகிதம், செபமாலை,
நெஞ்செரிச்சலுக்குச் சப்பும் மாத்திரை, நான்கு அட்டை.
மூன்று காலி.
நாலாவதில் இரண்டு மிச்சம்.
அவன் ரோட்டையே பார்த்தான்.

முப்பதாம் நம்பர் சாலையில் தெற்கே வரவர
சுத்திகரிப்பு ஆலையின் உச்சித்தீ
பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.
அவன் வேலை அங்கேதான்.
நான் குவைத் வந்த முதல் வாரம்
பெருமையாய்க் காட்டியிருக்கிறான்:
"மிச்ச கேஸு. எரிச்சு விடணும்.
அடைச்சு வச்சா குழாய் வெடிச்சிரும்."
பன்னிரண்டு வருஷமாய் வால்வு பார்க்கிறவன்.

சிக்னல். ஏசி இரைச்சல் மட்டும்.
அப்போது ஒரு வயிறு கத்தியது,
நீளமாய், வெட்கமில்லாமல்,
வள்ளத்தை மணலில் இழுத்து ஏற்றுவது போல.

"உன்னோடதா?"
"உங்களோடதுன்னு நெனச்சேன்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்.
அவன் வண்டியை எடுக்கவில்லை.
"தொள்ளாயிரம்," என்றேன்.
"கேட்டா தரமாட்டன்னு நெனச்சேன்."
"கேட்டிருந்தாத்தான தெரியும்?"

அட்டையைப் பிதுக்கி ஆளுக்கொன்று போட்டுக்கொண்டோம்.
கார் முழுக்கப் புதினா வாசம்.
ஃபஹாஹீல் வரும்வரை
வாயில் சுண்ணாம்பு கரையக் கரைய
நன்றாகச் சண்டை போட்டோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பசித்தது.
ஃபிரிட்ஜில் இருந்ததோ
நேற்றைய புளிக்குழம்பு.