ரசமட்டம்

ரீகா நகரத்து நாடக அரங்கில்
கோட்டுகளை வாங்கி மாட்டுகிறவள் நான்.
பெயர் வெல்டா. யாரும் கேட்டதில்லை.
அவர்களுக்கு நான் ஒரு பித்தளை வில்லை:
நூற்றுப் பன்னிரண்டு. இருநூற்று ஏழு.

உள்ளே மேடையில் பொய்யாகச் சாகிறவர்களைப் பார்க்க
மெய்யாகவே தலைசீவி வருகிறார்கள்.
நுழையும் முன் என்னிடம் கழற்றித் தருகிறார்கள்
தங்கள் எடையில் ஒரு பங்கை.

பைகளில் கைவிடுவதில்லை.
என் மதம் அது.
ஆனாலும் இருபத்தாறு குளிர்காலம் சுமந்த மணிக்கட்டுக்கு
காது முளைத்துவிடுகிறது.

திருமதி ஔஸ்ட்ராவுக்கு வெளியே வெள்ளி நரி.
உள்துணியிலோ
சமையலறைத் திரையை வெட்டிப்போட்ட ஒட்டு,
நீலப் பூசணிப்பூக்களோடு.
மாணவன் ஒருவனின் கோட்டு
மாட்டியது கொக்கிக்கே தெரியாத அளவு லேசு.
நடுங்குவதைத்தான் மடித்துக் கொடுத்தானோ.

கழுத்துப்பட்டிக்குள் ஒரு சிறு கண்ணி இருக்க வேண்டும்.
அதில்தான் கோட்டு தொங்கும்.
பாதிப் பேருக்கு அது அறுந்திருக்கிறது.
"கண்ணி இல்லை" என்று சத்தம் போடுவேன்.
உடனே சிவந்துவிடுகிறார்கள்,
வேறெதையோ நான் பார்த்துவிட்டதுபோல்.

எண்பத்தெட்டு, குன்வால்டிஸ்.
நகராட்சி வரிப் பிரிவு.
முதுகைத் தொட்டு ஒரு கோடு கிழிக்கலாம்.
வியாழன்தோறும் வருவார்.
அந்தக் கோட்டின் இடப்பக்கம் மட்டும்
எப்போதும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்.

பிப்ரவரியில் ஓர் இரவு, இரண்டாம் அங்கம் நடக்கும்போதே
பக்கவாசல் வழியாக அவரைத்
தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள்.
கோட்டு நின்றுவிட்டது.
"முகவரி இருக்கிறதா பார்" என்றார் மேலாளர்.

என் மதத்தை முழங்கை வரை விட்டேன்.

முகவரி இல்லை. பணப்பை இல்லை.
உள்ளங்கை நீளத்தில் ஒரு ரசமட்டம்.
மஞ்சள் திரவம். அதற்குள்
ஒரே ஒரு குமிழி.

அவ்வளவு விறைப்பான மனிதர்
நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்திருந்தது
ஓர் இடத்தில் நில்லாத கொஞ்சம் காற்றை.

சும்மா என் மேசைமேல் வைத்தேன்.
குமிழி வலப்பக்கம் ஏறியது.
திருப்பி வைத்தேன். மறுபடியும் வலம்.
அப்படியானால்
இத்தனை காலம் காசுகள் இடப்பக்கம் உருண்டு விழுந்தது
என் விரல் நடுக்கத்தால் இல்லை.
மருந்துகூடச் சாப்பிட்டேன் அதற்கு.

அன்று இரவு அவர் கோட்டுக்குக் கண்ணி தைத்தேன்.
கறுப்பு தீர்ந்திருந்தது. சிவப்பு நூல்.
என் கோட்டுக்கு எண் கிடையாது.
கதவுக்குப் பின்னால், ஓர் ஆணியில்,
தோள் கூர்ந்துபோய்த் தொங்கும்.

நான்காவது வாரம் வந்தார், கன்னம் ஒட்டி.
வில்லையைத் தொலைத்திருக்கவில்லை.
சிவப்பைப் பார்த்தார்.
இடப்பக்கம் தொட்டார்.
"பார்த்தீர்களா?"
"அறுந்திருந்தது" என்றேன்.

அவர் கேட்டது வேறு. நான் சொன்னது வேறு.
இரண்டுமே உண்மை.

வெகுநேரம் பொத்தானைத் தேடிவிட்டு,
"இந்தக் கட்டிடமே ஆற்றுப்பக்கம் சாய்கிறது,
நான்காம் வரிசை நடுவில்தான் கொஞ்சம் நிம்மதி"
என்று, வரி பாக்கி சொல்லும் அதே குரலில்
சொல்லிவிட்டுப் பனிக்குள் போனார்.

நாடகத்துக்காக அவர் வந்ததில்லையோ என்னவோ.

பழைய நிகழ்ச்சிநிரல் ஒன்றை எட்டாக மடித்து
மேசையின் இடக்காலுக்கு அடியில் செருகினேன்.
காசுகள் இப்போது வைத்த இடத்தில் இருக்கின்றன.
மேசை மட்டமாகிவிட்டது.
அதன் சாய்வுக்கு ஈடுகொடுத்தே நின்ற
என் இடுப்புதான்
யாரும் இல்லாத நேரத்தில்
இன்னும் ஒரு பக்கம் போகிறது.