மிச்சம்: ஆறு மணி நாற்பது நிமிடம்

டௌகவ்பில்ஸ் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
இரவு இரண்டு பத்துக்கு
ஏழாம் டிஸ்க் செத்தது.
பச்சைப் புள்ளி ஆரஞ்சானது,
அவ்வளவுதான் சாவு.

நான்காம் மாடியில் டாக்டர் ஓயார்ஸ்
யாருடைய நுரையீரலையோ திறக்கிறார்.
திறக்கிறது.
அவருக்கு அது ஈ டிரைவ்,
தன் மேசைக்கடியில் எங்கோ இருப்பது.
நடுவே நூறு மீட்டர் கண்ணாடி இழையும்
இரண்டு ஸ்விட்சும்
கம்பளிக் காலுறையோடு நானும்
இருப்பது அவருக்கு எட்டாத சேதி.

அந்த நுரையீரல் எந்த டிஸ்கிலும் முழுசாக இல்லை.
எட்டில் ஏழு துண்டைச் சுமக்கும்.
எட்டாவது, முறைவைத்து மாறி மாறி,
மற்றவற்றின் கூட்டுக்கணக்கை மட்டும் வைத்திருக்கும்.

வியாழன்தோறும் எங்கள் பாடற்குழு கூடும்.
விஸ்மா வராத அன்று
மற்ற மூன்று குரல்களுக்கு நடுவே
அவள் சுரம் ஒரு பள்ளமாகக் கேட்கும்.
பள்ளத்தை அளந்து
யார் வேண்டுமானாலும் அவளைப் பாடிவிடலாம்.
இரண்டு பேர் வராவிட்டால்
ஒத்திகையை விட்டுவிட்டு
பீட்ரூட் சூப் குடிக்கப் போவோம்.

புது டிஸ்கைச் செருகினேன்.
ஏழும் தலை முதல் கால் வரை
தம்மைத் தாமே வாசிக்கத் தொடங்கின,
இல்லாததைக் கணக்குப் போட்டுக்கொண்டே.
ஏழும் ஒரே பெட்டியில், ஒரே வேனில் வந்தவை.
செத்ததும் அதே வேனில்தான் வந்தது.
இதை நினைக்காமலிருக்கத் தேநீர் போட்டேன்.

ரீகாவில் ஒரு நகல் உண்டு.
முன்பெல்லாம்
அங்கே சேர்ந்தது என்று பதில் வரும்வரை
இங்கே எழுதியது எழுத்தாகாது.
டாக்டர்கள் மந்தம் என்றார்கள்.
வசந்தத்தில் மாற்றினோம்:
‘எழுதியாச்சு’ என்று முதலில் சொல்,
பிறகு அனுப்பு.
கார்க்கில் மீன் ஆலையிலிருக்கும் என் மகன் ராய்விஸ் மாதிரி.
‘சரிம்மா’ உடனே வந்துவிடும்;
படித்தானா என்பது ஞாயிற்றுக்கிழமை தெரியும்.

ஆக, ரீகா எங்களைவிடப் பதினைந்து நிமிடம் இளையது.
அந்தப் பதினைந்தில் இன்றிரவு என்ன இருக்கிறது?
பார்க்கக் கூடாது.
பெயர்களைப் பார்க்கவில்லை:
ஓர் உடைந்த இடுப்பு,
முப்பத்தோரு வாரக் கரு ஒன்று, கட்டைவிரல் வாயில்.

அறுபத்தோரு சதவீதத்தில்
மூன்றாம் டிஸ்க் திக்கியது.
ஒரே இடத்தைத் திரும்பப் படித்தது.
திரும்பவும்.
நான் மூச்சுவிடவில்லை என்று சொல்ல மாட்டேன்,
விட்டேன், சத்தமாக,
கெட்ட வார்த்தையோடு, ரஷ்ய மொழியில்.
மூன்றாம் தடவை படித்துவிட்டது.

எட்டு ஐம்பதுக்கு எட்டும் பச்சை.
செத்ததைக் கையிலெடுத்தேன், ஆறிப்போயிருந்தது.
அதற்குள் முழு ஆளாக எவரும் இல்லை,
ஆனாலும் விதிப்படி பூட்டுப்பெட்டிக்குத்தான் போக வேண்டும்.
மூன்றாம் எண்ணுக்கு மாற்று கேட்டு
விண்ணப்பம் எழுதினேன்.

லிஃப்டில் ஓயார்ஸ், கண் சிவந்து.
“நேத்து ராத்திரி கொஞ்சம் மந்தமா இருந்துச்சே?”
ஒவ்வொரு நுரையீரலுக்கும்
ஏழு பேர் எட்டாவதைக் கணக்குப் போட்டார்கள் டாக்டர்.

“ஆமா,” என்றேன்.
“கொஞ்சம்.”