முப்பத்திரண்டு மில்லிமீட்டர்

"பெராட் பெராப்பா?" என்று கேட்டான் சூன் ஹொக்,
கையில் அளவு நாடா, வாயில் மார்க்கர் மூடி.

இதுவரை என் எடையைக் கேட்ட எல்லோரிடமும்
கேள்விக்குப் பின்னால் இன்னொரு வாக்கியம் இருந்தது.
பெண் பார்க்க வந்த ஈப்போக்காரம்மாவிடம் இருந்தது.
இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டால்
அண்ணியிடம் இருக்கும்.
இவனிடம் இல்லை.

ஐம்பத்தொன்று.
தலைக்கவசம், ஜாக்கெட், பூட்ஸ் சேர்த்து
ஐம்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டான்
போன வருடத்து நாட்காட்டியின் முதுகில்.
சுபாங் சரக்குக் கூடத்தில் பகல் முழுக்க
ஊரார் பெட்டிகளின் எடையை எழுதுகிறவள் நான்.
என்னுடையதை ஒருவன் எழுதுவதைப்
பார்த்துக்கொண்டு நின்றேன்.

செகாம்புட், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்,
பழைய இரும்புக் கடையை ஒட்டிய பட்டறை.
இர்ஃபான் வாலைப் பிடித்துத் தூக்க
முன்சக்கரம் தொங்க ஓர் அளவு.
நான் ஏறி உட்கார, முழங்கால் டேங்கை அணைக்க,
இன்னோர் அளவு.
கழித்துப் பார்த்தான். பதினாறு.
முப்பதாவது வேண்டும் என்றான்.
"நீ உட்கார்ந்ததே இதுக்குத் தெரியலை."

வண்டியை விற்ற கிள்ளான் பூபாலன்
நூற்றிரண்டு கிலோ.
தன் பாரத்துக்குத் தடித்த ஸ்பிரிங் போட்டிருக்கிறார்.
சொல்லவில்லை; அவரைக் குறை சொல்லவும் முடியாது.
நான் கேட்டதெல்லாம் செயின், டயர், சாலை வரி.

பதினொரு மாதம்
அந்த மனிதரின் எடை மேல் உட்கார்ந்து போயிருக்கிறேன்.
எம்.ஆர்.ஆர். டூவின் ஒவ்வொரு ஒட்டுப்போட்ட தாரும்
மணிக்கட்டில் வந்து கையெழுத்துப் போட்டது.
வளைவில் சாய்த்தால் வண்டி வெளியே ஓடியது,
கேட்க மனமில்லாத பிள்ளை போல.
ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கடைசி ஆள் நான்.
காத்திருந்து காத்திருந்து
அவர்கள் ரொட்டி சானாய் ஆறிப்போகும்.
பயம் என்றார்கள்.
பயம்தான் என்று நானும்
கண்ணாடி பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஃபோர்க்கைக் கழற்றியபோது வழிந்த எண்ணெய்
கோப்பி ஓ நிறம், மீன் கழுவிய நாற்றம்.
புதிய ஸ்பிரிங்கைக் கையில் கொடுத்தான்.
இது என் அளவு.
பின்னாலும் புதிய ஷாக்.
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது வெள்ளி,
சீட்டு எடுத்த காசு.
சங்கிலி வாங்குகிறாளாக்கும் என்று
அண்ணி நினைத்துக்கொண்டிருக்கிறாள்.
சங்கிலியும் மாற்றினேன்தான்,
நூற்றுப் பதினாறு கண்ணி, ஓ-ரிங் வைத்தது.

மறுபடி ஏறி உட்கார்ந்தேன்.
வண்டி மெல்ல
இறங்கியது.
என் எழுத்தில் ஒரு பிழை விட்டால்
இரங்கியது என்றும் ஆகும்.
முப்பத்திரண்டு என்றான் சூன் ஹொக். சிரிக்கவில்லை.
அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.

காலை ஆறே முக்கால்.
பத்துமலையின் பின்பக்கமாக, அணைக்கட்டைத் தாண்டி,
உலு யாம் சாலை.
ஈர இலை, மூங்கில் நிழல்,
நடுக்கோட்டில் உட்கார்ந்து பேன் பார்க்கும் குரங்குகள்.
மூன்றாவது வளைவில் அந்தப் பழைய பள்ளம்.
பல்லைக் கடித்தேன், பழக்கம்.
சக்கரம் உள்ளே போய் வந்தது
என்னிடம் ஒன்றும் சொல்லாமல்.
பிரேக் பிடித்தால் மூக்கு கொஞ்சம் குனிகிறது, நிற்கிறது,
பார்த்த இடத்துக்குத் திரும்புகிறது.
பார்த்த இடத்துக்கு!
கவசத்துக்குள் சத்தமாகச் சிரித்தேன்,
கண்ணாடித் திரை பனித்துவிட்டது.

அப்படியானால் அது பயம் இல்லையா?
கொஞ்சம் இருந்தது.
கொஞ்சம் இன்னமும் இருக்கிறது,
ஒன்பதாவது வளைவில், லோரி வருகிற பக்கம்.
அதற்கு ஸ்பிரிங் விற்பதில்லை.

கடையில் எல்லோருக்கும் முன்னால் போய்
தே தாரிக் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான்.
ஐந்தாவதாக வந்தேன், ஏழு பேரில்.
ரொட்டி சூடாக இருந்தது.

டேங்க் மேல் ஒட்டிய காகித நாடாவில்
ரீபவுண்ட், எட்டு கிளிக்.
அணைக்கட்டுப் பாலத்தின் மூட்டில் மட்டும்
பின்பக்கம் இரண்டு தரம் துள்ளுகிறது.
அடுத்த வாரம் ஒரு கிளிக் கூட்டிப் பார்க்கணும்.