வலது விளிம்பு

போயா விடுமுறை.
இரண்டாம் மாடியிலிருந்து வாளியில் தண்ணீர் இறக்கினேன்.
பேபி ஷாம்பு இரண்டு மூடி, மயிர் தேய்ந்த பல் பிரஷ்,
பஞ்சிகாவத்தையில் வாங்கிய சாயம்.
"இதேதான் அந்த பிறவுண்" என்று
கடைக்காரர் சத்தியம் பண்ணித் தந்தது.

நாலு கதவும் திறந்து கிடக்க,
வெள்ளவத்தைக் கால்வாய் நீர்க்காகம்
இறகு காயவிட்டதுபோல் நின்றது கார்.

முதல் துடைப்பிலேயே துணி தேநீராயிற்று.
பத்தொன்பது வருட வேர்வை.
என்னுடையது அதில் இரண்டு.
மீதி, வத்தளைப் பல்வைத்தியர் மொராயஸுடையது.
"லெதர் புதுசு மாதிரி" என்று விற்றவர்.

வெடிப்பெல்லாம் ஓட்டுநர் சீற்றின் வலது விளிம்பில்.
கையூன்றி, இடுப்பைச் சரித்து,
ஒரு கணம் அதிலேயே தங்கி
பிறகுதான் எழும்பியிருக்கிறார்.
முழங்கால் வலியை அவர் சொல்லவில்லை.

அரத்தாளால் மெல்ல உரசினேன். பசை. காத்திருப்பு.
திரும்பவும் உரசல்.
காயாத பூச்சில் கடற்காற்று மணல் தூவ
வாயில் வந்ததைச் சொன்னேன்.
மேல்மாடி யன்னலொன்று சாத்திக்கொண்டது.

தையல் இடுக்கில் பென்சிலால் கிண்டியபோது
இரண்டு ரூபாய்க் குற்றி,
பிறகு, பஞ்சில் சுற்றிய
அரிசியளவு பால்பல்.

அழைத்தேன்.
"மேற்பல்லா, கீழ்ப்பல்லா?"
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
எனக்கென்ன தெரியும்? "சின்னது" என்றேன்.
மறுமுனையில் கொஞ்சநேரம் ஒன்றுமில்லை.
கடலோர ரயில் போய் முடிந்தது.
"பின்னேரம் வரட்டா?"

வாருங்கள். சீற்றில் மட்டும் இருக்க முடியாது,
ஒரு நாள் காயவேண்டும்.
வெயிலில் பார்க்க
நிறம் கொஞ்சம் சிவப்புத் தூக்கல்.