மிச்சக் கணக்கு

வெளியே முப்பத்திரண்டு டிகிரி.
ஈசூன், ஒன்பதாவது மாடி, சின்ன அறை.
குளிர்சாதனம் ஓடினால்தான்
ஊசி விரலுக்கு அடங்கும்.
வேர்த்த கையை ஷெட்லாந்து நூல் மதிப்பதில்லை.

மின்கட்டணத்தை எந்தப் பத்தியில் எழுத,
கேட்கிறார் தனசீலன்.
மூலப்பொருள் என்கிறேன்.
குளிரும் மூலப்பொருள்தானே.
பென்சிலால் எழுதிக்கொள்கிறார்,
நாளைக்கு அழிக்கலாம் என்பதுபோல்.

நூல் லெர்விக்கிலிருந்து வருகிறது.
பெட்டிக்குள் மோராக் ஒரு சீட்டு வைப்பாள்:
"இங்கே மூன்று நாளாக மழை."
இங்கேயும், என்று பதில் போடுவேன்.
எங்களுக்குள் பொதுவானது அது ஒன்றுதான்.

பெட்டியைப் பிரித்தால் நனைந்த ஆட்டு வாசம்.
பக்கத்து வீட்டு மேடம் குவெக்
ஒருநாள் சன்னல் வழியே கேட்டார்:
இன்றைக்கு உங்கள் வீட்டில் ஆட்டுச் சூப்பா?

வாசலில் பெயர்ப்பலகை கூடாது, வீவக விதி.
அக்டோபர் வந்தால் பலகை இல்லாமலே வருவார்கள்,
ஹொக்கைடோ போகிறவர்கள்,
சோலில் பனி பார்க்கப் போகிறவர்கள்.
எடின்பரோவில் படிக்கும் மகனுக்கு
இரண்டு வாங்கினார் நோர்லிஸா.
ஸ்காட்லாந்துக் கம்பளியை ஸ்காட்லாந்துக்கே அனுப்பினேன்.
கொல்லன் தெருவில் ஊசி விற்றவள் நான்தான்,
ஊசியோடு சொல்கிறேன்.

ஒன்று இருநூற்று எண்பது வெள்ளி.
நூலுக்கு எழுபத்தாறு, அஞ்சலுக்கு இருபது,
ஐம்பத்தைந்து மணி நேரம்.
வகுத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

ஏப்ரலில் தொலைபேசி அடிக்காது.
அந்த ஏப்ரலில் அடித்தது.
"அக்கா, குளுருக்குச் சட்டை பின்னுவீங்களாமே?"
முத்தழகன். அரியலூர்.
எந்த ஊருக்குப் போறீங்க தம்பி?
"எங்கயும் போகலக்கா. வேலைக்குத்தான்.
ஜூரோங்ல மீன் கிடங்கு. மைனஸ் இருபத்தஞ்சு.
கம்பெனி கோட்டு குடுக்குது.
கழுத்து வழியாக் குளுரு எறங்குதுக்கா."

இத்தனை வருடம் குளிரை
விமானம் ஏறிப் போய்ப் பார்ப்பது என்று நினைத்திருந்தேன்.
லாரியின் பின்புறம் உட்கார்ந்து
தினமும் போய்வருகிறான் ஒருவன்.

விலையைச் சொன்னேன்.
அந்தப் பக்கம் காற்றாடிச் சத்தம் மட்டும்.
அப்புறம்,
"மிச்சம் மீதி நூல் இருக்குமாக்கா?"

இருந்தது, மூன்று பிஸ்கட் டின் நிறைய.
பாசிப் பச்சையில் தொடங்கினேன், மார்பில் தீர்ந்தது.
சாம்பல், பிறகு கடுகு,
கழுத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு சிவப்பு உருண்டை.
ஏழாவது வரிசையில் எண்ணிக்கை தப்பி
ஒரு கோடு கோணலாக ஓடியது. பிரிக்கவில்லை.
கை இல்லாத சட்டை. ஐம்பது வெள்ளி சொன்னேன்,
நாற்பத்தைந்து கொடுத்தான், வாங்கிக்கொண்டேன்.
தருமம் இல்லை, கணக்கில் இருக்கிறது.

புதன்கிழமை ஒரு படம் அனுப்பினான்.
புருவத்தில் வெள்ளைப் பொடி, பின்னால் அடுக்கிய சூரை.
கோட்டைத் திறந்து காட்டியிருந்தான்,
மேற்பார்வையாளர் பார்த்தால் திட்டக்கூடிய அளவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை புளோக்கின் கீழே பதினொரு பேர்.
அதே மாதிரி வேண்டுமாம்.
அதே மாதிரி வராது, அது மிச்சம், என்றேன்.
"அந்தக் கோணக் கோடும் வேணுங்க்கா," என்றான் ஒருவன்,
"அதுதானே டிசைனு."

டின்கள் காலி.
புது நூல் தருவித்து, அளந்து வெட்டி,
சின்னச் சின்ன உருண்டையாக்கி
டின்னில் போட்டு மூடி வைத்தேன்,
ஒரு வாரமாவது மிச்சமாக இருக்கட்டும் என்று.
தனசீலன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
எழுந்து தேநீர் போடப் போய்விட்டார்.

மோராக்கின் சீட்டில் இந்த முறை:
"எதற்கு இத்தனை நிறம்? இங்கே வெயில்."
வெயிலை நான் நம்பவில்லை.

நான்கு முடிந்தது.
ஐந்தாமவனுக்குத் தோள் அகலம்.
ஏழாவது வரிசை வந்துவிட்டது,
தப்பாக எண்ண வேண்டும், கவனமாக.