நாற்பத்தொரு தடவை

செக்காலை ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
ஒரு கட்டில், ஒரு கேமரா, முனகுகிற ஒரு ஏசி.
வெள்ளைக்கண்ணுவின் தலையில்
பசை தொட்டு வயர் வயராக ஒட்டுகிறேன்.
"கரண்டு அடிச்சிராதுல்ல?"
"ஒங்கள்ட்டயிருந்துதாண்ணே எங்களுக்கு வரும்."
அவர் சிரிக்கவில்லை.

பகல் பதினோரு மணிக்கு,
தேவகோட்டை ரஸ்தா தாண்டி,
முப்பத்தாறு பயணிகளோடு
ஒரு புளியமரத்தைப் பார்த்துப் போனவர்.
தூங்கவில்லை என்று டெப்போவில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.
கண் திறந்துதான் இருந்தது என்கிறார் கண்டக்டரும்.

பத்து நாற்பதுக்கு விளக்கணைத்தேன்.
அடுத்த அறையில் நான், திரை, பிளாஸ்கில் காப்பி.

முதலில் கோடுகள் சந்தைக்கூட்டமாய்.
பிறகு நெரிசல் குறைந்து,
இமைக்குள் விழிகள் மெல்ல உருள்கின்றன
ஊருணியில் மிதக்கும் தேங்காய்போல.
இந்த இடத்தில் எழுப்பினால்
யாரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார்கள்,
தூங்கவே இல்லையென்று.
பொய்யில்லை அது.
நிலைப்படியில் நிற்கிறவன்
உள்ளே இருக்கிறானா, வெளியேயா?
நிலைப்படிக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் கதிர்கள்.
நூல் சுற்றிய கதிர்போல நடு பருத்து
இருமுனையும் ஒடுங்கும் சின்ன அலைகள்.
உலகத்துக்குக் கதவு சாத்துகிற நேரம்.
தெருவில் லாரி போகிறது, கோட்டில் சலனமில்லை.
பஸ் ஹாரன். ம்ஹூம்.
வராந்தாவில் பஞ்சவர்ணம்
மகளிடம் போனில், தணிந்த குரலில்,
"அவுக தூங்கிட்டாக" என்கிறாள்.
சட்டென்று ஒரு பேரலை எழுந்து விழுகிறது திரையில்.

சொந்தப் பெயரைச் சொன்னால் வரும் என்று படித்திருக்கிறேன்.
பெயரே சொல்லாத ஒருத்தியின்
"அவுக"வுக்கு
உள்ளிருந்து ஒருவர் தலைதூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி படுத்துக்கொள்கிறார்.

என் படிவத்தில் ஐந்து கட்டங்கள்.
சின்ன வயதில் சைவ வகுப்பில் ஒப்பித்ததும் ஐந்து:
நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம்.
இந்த ஐந்தும் அந்த ஐந்தும் பொருந்துவதில்லை.
பொருத்திப் பார்த்தே பல ராத்திரி கழிந்திருக்கிறது.

தொண்டை அடைத்தது.
மார்பு ஏறி இறங்குகிறது, காற்று மட்டும் இல்லை.
பத்து. இருபது. முப்பத்திரண்டு.
(உயிர்ப்படக்கம் என்ற சொல்லை இந்நேரம்
நினைக்காமலிருக்கப் பார்ப்பேன்.)
ஒரு செருமல், கோடெல்லாம் குதிக்கிறது,
மூன்று விநாடி முழு விழிப்பு,
மறுபடி தூக்கம்.
மறுபடி அடைப்பு.
மணிக்கு நாற்பத்தொரு தடவை.
ஆழத்துக்குப் போகும் அந்தப் பெரிய நிதான அலைகள்
இரவு முழுக்கச் சேர்த்தும் நான்கே நிமிடம்.

நாலு மணிக்குக் கனவு.
உடம்பைக் கட்டிப்போட்டாயிற்று, கண் மட்டும்
இடம், வலம், இடம்.
வலதுகால் பெருவிரல் ஒருதரம் துடித்தது.
பிரேக்கா?
கால் அசைவு என்று மட்டும் எழுதினேன்.

காலையில் பசையைத் துடைத்துவிட்டுக் கேட்டேன்:
"எத்தனை தடவ முழிச்சீக?"
"ஒருக்காக்கூட இல்ல. அடிச்சுப்போட்ட மாதிரி தூக்கம்."

அப்படியானால் விழித்தது யார்?
ராத்திரி முழுக்க ஓடி ஓடி வந்து
தொண்டையைத் திறந்துவிட்டு
கூலி கேட்காமல்,
"நான்" என்று ஒருமுறைகூடச் சொல்லாமல்
திரும்பிப் போனவன்?
புளியமரத்தின் முன்னால் கடைசி நொடியில்
ஸ்டியரிங்கை ஒடித்தவனும் அவன்தானோ?
டெப்போ விசாரணையில் அவனுக்கு நாற்காலி கிடையாது.

அறிக்கையை முடிக்கப் பதிவேட்டைப் புரட்டினேன்.
மூன்று பன்னிரண்டுக்கு எதிரே
என் கையெழுத்தில், கொஞ்சம் சாய்வாக, ஒரே சொல்:
மழை.

ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். ஏசி. குறட்டை.
பஞ்சவர்ணத்தையும் கேட்டேன்.
"மழையா? புழுக்கம்ல தாங்கல."

நான் தூங்கவே இல்லை.

கீழே செக்காலை ரோடு காய்ந்து கிடக்கிறது.
ஸ்கூட்டி சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு
ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறேன்.