மேற்படி

எங்கள் ஊரில் ரொட்டிக்கடை கிடையாது.
செவ்வாயும் வெள்ளியும் கணவாயைத் தாண்டி
நீவெஸின் வேன் வரும்,
வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி.
பதினோரு வீட்டுக்கு அத்தனை சத்தம் வேண்டாம்.
ஆனாலும் அடிப்பாள். அவள் வண்டி, அவள் கை.

தேவாலய மணி இருக்கிறது.
மறைமாவட்டம் மின்சாரம் பொருத்திய நாளிலிருந்து
மணி எத்தனை என்று மட்டும் சொல்லும்.
மூடுபனியில் வழி தவறியவரைக் கூப்பிட
அதற்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் மூடியதும்
பன்னிரண்டு கட்டில் போட்டு விடுதி ஆக்கினோம்.
சாவி என்னிடம்.
சுவரில் பழைய இத்தாலி வரைபடம்.
வருகிற யாத்ரீகர் எல்லாரும் விரல் வைத்து வைத்து
ரோம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது.
எங்கள் ஊர் அதில் இல்லவே இல்லை,
அதனால் தேயவில்லை.

பதிவேட்டில் நான்கு பத்தி:
பெயர், நாடு, எங்கிருந்து, எங்கே.
ஏப்ரலில் வந்த முதல் ஆள் கடைசிப் பத்தியில்
‘ரோம்’ என்று எழுதினார்.
அடுத்தவர் ‘மேற்படி’.
அதற்கடுத்தவர் மேற்படி.
பக்கம் பக்கமாய், கோடை முழுக்க
எறும்புச் சாரை போல
மேற்படி, மேற்படி.

அக்டோபரின் கடைசி வெள்ளி.
செஸ்ட்நட் உலர்த்தும் குடிசைகளின் புகை எது,
பனி எது என்று தெரியாத மாலை.
நீவெஸ் வேனை நிறுத்தி இறங்காமலே சொன்னாள்:
“ஓர்னெல்லா, பின்னால் ஒருத்தன் வருகிறான்.
மேலேயிருந்து என் ஹாரனைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறான்.
ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று அடித்தேன்.
இன்றைக்கு ரொட்டி ஆறிப்போச்சு.”

பெயர் ஷூர்ட். ஃப்ரீஸ்லாந்துக்காரன்.
கடலுக்கும் கீழே கிடக்கிற தட்டை மண்ணாம் அது.
வழக்கம்போல வெந்நீர்த் தொட்டியைக் காலடியில் வைத்தேன்.
கால் பரவாயில்லை என்றான்,
கழுத்தைத் தொட்டுக் காட்டினான்.

எல்லாக் குறியும் போகிறவரைப் பார்த்தே நிற்கின்றன.
திரும்புகிறவன்
ஒவ்வொரு பிரிவையும் கடந்துபோய்
கழுத்தை ஒடித்துப் பின்னால் பார்த்தால்தான்
சரியாக வந்தோமா என்று தெரியும்.
ரோமிலிருந்து இருபத்தாறு நாள்.

உப்பை வாணலியில் வறுத்து
தலையணை உறையில் முடிந்து ஒத்தடம் கொடுத்தேன்.
“ரயில் ஓடுகிறதே?” என்றாள் நீவெஸ்.
“ரயிலில் ஏறினால்
நாளைக்கே வீடு வந்துவிடும்,” என்றான்.
அதற்குமேல் அவனும் சொல்லவில்லை,
வாயாடி நீவெஸும் கேட்கவில்லை.

நான்காவது பத்தியில் வெகுநேரம் பேனாவை வைத்திருந்தான்.
அவன் மொழியில் ஆறே எழுத்து.
நீவெஸ் ஃபோனில் தட்டிப் பார்த்து
‘வீட்டுக்கு’ என்றாள் மெதுவாக.

காலையில் வடக்கே இறங்கினான்.
நீர்த்தொட்டி முக்கைக் கடந்து
பத்தடி போய் நின்று
திரும்பிப் பார்த்தான்.
எனக்கென்று நினைத்துக் கையசைத்தேன்.
அவன் பார்த்தது பலகையை.

ஞாயிறு பூசை முடிந்து அந்த முக்குக்குப் போனேன்.
ஆயிரம் தடவை நடந்த இடம்.
பலகைகளின் முதுகை அன்றுதான் பார்த்தேன்:
வெறும் தகரம், துரு,
ஒட்டிக்கொண்டு தூங்கும் ஒரு நத்தை.
ஜன்னலுக்கு அடித்த சிவப்பு பெயின்ட் பாதி மீதம் இருந்தது.
மூடி இறுகிக் கிடக்கிறது.
செவ்வாய்க்கிழமை நீவெஸிடம் ஸ்க்ரூடிரைவர் கேட்க வேண்டும்.

அன்றிரவு பெல்ஜியத்துப் பெண்கள் இருவர்,
இந்த வருஷத்தின் கடைசி ஆட்கள்.
மூத்தவள் ‘மேற்’ என்று எழுதத் தொடங்கி
மேல் வரியைப் பார்த்து நிறுத்தினாள்.
அடித்துவிட்டு
‘ரோம்’ என்று
முழுசாக எழுதினாள்.